ரிச்சி தெருவில் நாற்பதாயிரம் ரூபாய்

சென்னையில் ஒரு தெருவில் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். துக்கம் ஒன்றும் இல்லை. எதிரே அட்டைப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு வரும் டிரை சைக்கிள் காலில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தெருவுக்குப் பெயர் ரிச்சி தெரு.

அண்ணா சாலையில் சிம்சன் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கலாம். மெட்ரோ என்றால் அரசினர் தோட்டம் ஸ்டேஷன். பறக்கும் ரயில் என்றால் சிந்தாதிரிப்பேட்டை. எதில் வந்தாலும் கடைசியில் நடைதான். சொந்த வண்டியில் மட்டும் வராதீர்கள். வண்டியை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் புது மாடல் பிராசஸர் வந்துவிடும். நீங்கள் வாங்க நினைத்தது பழசாகிவிடும்.

ரிச்சி தெரு என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது ஒரு கூட்டுக் குடும்பம். பக்கத்திலேயே நரசிங்கபுரம் தெரு. அங்கே ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ரிமோட், வயர். இன்னொரு பக்கம் மீரான் சாகிப் தெரு. ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் ராஜ்யம். படப் பெட்டி வாங்க வந்த ஊரில் இன்று கம்ப்யூட்டர் பெட்டி வாங்க வருகிறார்கள்.

இந்தத் தெருக்கள் எல்லாம் சிந்தாதிரிப்பேட்டையின் ஓரத்தில் இருக்கின்றன. 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். 1804-ல் பிரான்ஸில் ஜக்கார்ட் என்பவர் துளை போட்ட அட்டைகளை வைத்துத் தறியில் பூ வேலை நெய்யும் முறையைக் கொண்டுவந்தார். அந்தத் துளை அட்டையைத்தான் பிறகு சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆக, தறிப் பேட்டையில் கம்ப்யூட்டர் விற்பது ஒன்றும் பொருத்தமில்லாத காரியம் அல்ல. ஸ்தல புராணம் போதும். கடைக்குப் போவோம்.

2024 ஆகஸ்டில், ஆடி மாதத்தின் கடைசி சனிக்கிழமை அங்கே போனேன். கூட என் சித்தி பையன். இருபத்தைந்து வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். பகலில் வவுச்சர், ராத்திரியில் கல்யாண வீடியோ எடிட்டிங். இதுவரை ஒரு சிநேகிதனின் ஸ்டுடியோவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். சிநேகிதன் ஜூலையில் ஸ்டுடியோவைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூர் போய்விட்டான். ஆவணியில் மூன்று கல்யாணத்துக்குத் தம்பி அட்வான்ஸ் வாங்கிவிட்டான். அட்வான்ஸ் இருந்தது, கல்யாணம் இருந்தது, கம்ப்யூட்டர் இல்லை.

கையில் இருந்தது நாற்பதாயிரம். ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டைப் பத்தாயிரம் தள்ளி எடுத்த பணம். அதாவது ஒவ்வொரு நாலு ரூபாய்க்கும் ஏறக்குறைய அஞ்சு ரூபாய் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். நானும் பி.காம்., அவனும் பி.காம்.

சித்தி வாசல் வரை வந்து என்னிடம் தனியாகச் சொன்னாள்: "நீ கூடவே இருப்பா. கலர் கலரா லைட்டு எரிஞ்சா அவன் வாங்கிடுவான்."

சித்திக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பிள்ளையைத் தெரியும்.

முதல் கடையிலேயே லைட் எரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு விசிறிகள், வானவில் மாதிரி நிறம் மாறி மாறிச் சுழன்றன. மீன் தொட்டி என்று நினைத்து மீனைத் தேடினேன். தம்பி அசையாமல் நின்றான்.

"கேமிங்கா ப்ரோ?" என்றார் கடைக்காரப் பையன். முன்பெல்லாம் 'சார்' என்று கூப்பிடும் தெரு இது. இப்போது 'ப்ரோ'. என் முன்மண்டையைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் 'சார்' என்று மாற்றிக்கொண்டார்.

"எடிட்டிங். ஃபுல் எச்.டி. பட்ஜெட் நாற்பது. மானிட்டரோட."

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். அறுபத்தெட்டாயிரம் வந்தது. "கொஞ்சம் முன்னப்பின்ன பண்ணிக்கலாம்" என்றார். முன்னே என்றால் எழுபத்தைந்து என்று பிறகு தெரிந்தது.

டீக்கடை ஓரமாக ஒதுங்கி, ஒரு தாளில் எழுதினோம். இதை நீங்களும் செய்யலாம். பொருளின் பெயரை எழுதாமல் முதலில் வேலையை எழுதுங்கள். இந்தப் பெட்டி என்ன செய்யப் போகிறது? கடிதம் அடிப்பதும் கணக்குப் போடுவதும்தான் என்றால் இரண்டாம் கையிலேயே நல்ல மெஷின் கிடைக்கும். புதிது அசெம்பிள் செய்யவே வேண்டாம். வீடியோ வெட்டி ஒட்டுவது என்றால் பிராசஸருக்குள் நிறைய 'கோர்' வேண்டும். கோர் என்பது ஆள் கணக்கு. சமையல்கட்டில் நாலு பேர் வேலை பார்ப்பதற்கும் ஆறு பேர் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பந்தியில் தெரிகிற மாதிரி, வீடியோவை முடித்து வெளியே தள்ளும் நேரத்தில் தெரியும்.

நாங்கள் எடுத்தது ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி. 2021-ல் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட். அந்தக் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'ஜி' என்றால் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஜி போடாத வெறும் 5600-ல் அது கிடையாது. இன்டெல்லில் கதை தலைகீழ். 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. எஃப் போட்டது போடாததைவிட விலை குறைவு என்பதால், பார்த்தவுடன் லாபம் மாதிரி இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்விட்ச் போட்டால் விசிறி சுற்றும், படம் வராது. தனியாக கார்டு வாங்கினால்தான் வரும். ஒரு எழுத்துக்குப் பல ஆயிரம் ரூபாய்.

"கார்டு சேகண்ட்ஸ்ல இருக்கு சார். ஒரே கை. சும்மா வீட்ல வெச்சிருந்தது" என்று அடுத்த கடையில் ஒரு கிராபிக்ஸ் கார்டைத் துடைத்துக் காட்டினார்கள். 2021-ல் தங்கம் மாதிரி தட்டுப்பாடாக இருந்த சரக்கு இது. எத்தீரியம் என்ற கிரிப்டோ காசைத் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடவிட்டார்கள். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. தோண்டும் வேலை அன்றோடு போச்சு. தோண்டிய கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. அந்தக் கார்டு எந்த வீட்டில் 'சும்மா' இருந்ததோ, நமக்கு எப்படித் தெரியும்? காரண்டியும் கிடையாது. சீட்டுப் பணத்தில் சூதாட வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

பிராசஸருக்கு அடுத்தது மதர்போர்டு. சம்பந்தம் பேசும்போது இரண்டு ஜாதகத்தையும் பார்ப்போம் இல்லையா, அது மாதிரி இங்கே 'சாக்கெட்' பார்க்க வேண்டும். 5600ஜி உட்காரும் சாக்கெட் ஏ.எம்.4. இன்டெல் பிராசஸர் இதில் உட்காரவே உட்காராது. ஏ520 சிப் உள்ள சாதாரண போர்டு போதும் என்று முடிவு செய்தோம். இதில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. கல்யாண வீடியோவுக்கு அந்த முறுக்கு தேவையில்லை. போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் 2021 பிராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. பயாஸ் புதுப்பித்தாக வேண்டும். "5600ஜி-க்கு ரெடியா?" என்று கேட்டு, பெட்டியின் மேல் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கினோம்.

ரேம் 16 ஜி.பி. இங்கே ஒரு சூட்சுமம். 16 ஜி.பி. ஒரே குச்சியாகவும் கிடைக்கும், எட்டு எட்டாக இரண்டு குச்சியாகவும் கிடைக்கும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்று இல்லை. ஒற்றைக் குச்சி என்றால் டேட்டா போக 64 பிட் அகலப் பாதை. இரண்டு என்றால் 128. உள்ளேயே கிராபிக்ஸ் வைத்திருக்கும் பிராசஸருக்குத் தனி நினைவகம் கிடையாது. இந்த ரேமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. அதற்குப் பாதை குறுகினால் படம் திணறும். ஆகையால் இரண்டு குச்சி.

அடுத்தது எஸ்.எஸ்.டி. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட் படித்தால் பெரிய விஷயம். சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 550. பபிள்கம் சைஸில் போர்டிலேயே செருகும் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. அதைவிடப் பல மடங்கு. எங்களுக்கு அந்தக் கடைசி ரகம்தான் வேண்டும்.

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். "ஜென் 4 எடுத்துக்கோங்க ப்ரோ. செவன் தவுசண்ட் ஸ்பீடு!"

தம்பி என்னைப் பார்க்காமலேயே சொன்னான்: "5600ஜி-யில ஜென் 3 தாண்டாதுண்ணா. போட்டா ஓடும். ஆனா ஜென் 3 வேகத்துலதான் ஓடும்."

எனக்கு மனசு நிறைந்தது. அறுபது அடி ரோட்டில் போகிற வண்டிக்குத் தெரு அகலத்தில் வீட்டு வாசலை இடிக்கவா முடியும்? 500 ஜி.பி.யில் ஜென் 3 எடுத்தோம். எடிட் செய்து முடித்த வீடியோக்களைப் போட்டுவைக்கப் பழைய ஒரு டி.பி. வெளி டிஸ்க் அவனிடம் ஏற்கெனவே இருந்தது.

இப்போது வருவது எஸ்.எம்.பி.எஸ். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. லிஸ்டில் எல்லோரும் கடைசியில் எழுதுவது, மிச்சம் இருக்கும் காசில் வாங்குவது. அது கோபித்துக்கொண்டால் தனியாகப் போகாது. போர்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும். நாங்கள் அதற்கு மட்டும் 2,900 ரூபாயை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். 450 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளது.

கொட்டேஷனில் அந்த மாடலின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். பணமும் கட்டியாயிற்று. பெட்டிகள் கவுன்டருக்கு வந்தன. தம்பி லிஸ்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டான். எஸ்.எம்.பி.எஸ். வந்ததும் பேனா நின்றது. வேறு பெயர். பிரான்ஸும் இல்லை, வெண்கலமும் இல்லை.

"அது ஸ்டாக் இல்ல ப்ரோ. இதுவும் அதேதான். 450 வாட் போட்டிருக்கு பாருங்க."

போட்டிருந்தது, பெரிய எழுத்தில். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணையும் இருந்தது. பிராசஸர் போன்ற பெரிய தீனிக்காரர்கள் எல்லாம் சாப்பிடுவது 12 வோல்ட் வரிசையில்தான். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192. நல்ல 450 வாட் பெட்டியில் இந்த வரிசையே நானூறைத் தாண்டும். பி.காம். படித்தவன் முன்னால் பெருக்கல் கணக்கை வைத்துவிட்டால் என்ன ஆகும்? நான் தாளில் பெருக்கிக் காட்டினேன்.

தம்பி குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, இது சீட்டுப் பணம். அடுத்த வாரம் மூணு கல்யாணம் இந்தப் பெட்டிய நம்பி இருக்கு. எழுதினதக் குடுங்க. இல்லன்னா முழுப் பணத்தையும் குடுங்க. நாங்க வேற கடை பாத்துக்கறோம்."

கடைக்குள் கொஞ்ச நேரம் நிசப்தம். கல்லாவில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "மேல போய்ப் பாருடா" என்றார். பத்தே நிமிஷத்தில், ஸ்டாக் இல்லாத எஸ்.எம்.பி.எஸ். மாடியிலிருந்து இறங்கி வந்தது, தூசியோடு. டிக் போட்டோம். பெரியவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். ரிச்சி தெருவில் இது சண்டை இல்லை. அறிமுகம்.

மானிட்டர் வாங்கும்போது 'ஐ.பி.எஸ். பேனலா?' என்று கேட்டோம். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. எடிட்டிங்குக்கு இது முக்கியம். மணப்பெண்ணின் அரக்குப் புடவை ஆல்பத்தில் செங்கல் நிறமாக வந்தால், மீதிப் பணத்தை யார் கேட்பது?

யு.பி.எஸ். 600 வி.ஏ. இதை 600 வாட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் 360 வாட்தான். எங்கள் பெட்டிக்கு அது தாராளம். கரண்ட் போனால் சேவ் செய்துவிட்டு எழுந்து விசிறிமட்டையைத் தேட நேரம் இருக்கும்.

"பில் இல்லாம போட்டா ஜி.எஸ்.டி. மிச்சம் சார்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். 18 சதவீதம் சும்மா இல்லை. நாற்பதாயிரத்தில் ஒரு நல்ல மானிட்டர் விலை. ஆனால் பிராசஸருக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் வருஷக்கணக்கில் கம்பெனி வாரண்டி உண்டு. பொருள் மக்கர் செய்யும் நாளில் அந்தத் தாள்தான் பேசும். பில்லில் சீரியல் நம்பரோடு எழுதி வாங்கினோம்.

கணக்கு இதோ. பிராசஸர் 12,000. மதர்போர்டு 5,600. ரேம் 3,400. எஸ்.எஸ்.டி. 3,300. எஸ்.எம்.பி.எஸ். 2,900. கேபினெட் 2,300. மானிட்டர் 6,800. கீ போர்டும் மவுஸும் 750. யு.பி.எஸ். 2,700. ஆக மொத்தம் 39,750.

கேபினெட்டில் லைட் எரியும் மாடல் 1,500 ரூபாய் கூட. தம்பி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு முன்பக்கம் வலை போட்ட, காற்றுப் போகிற, கறுப்புப் பெட்டியைத் தானே கை காட்டினான். சென்னை வெயிலுக்குக் காற்றுதான் அலங்காரம். மிச்சமிருந்த 250-ல் நரசிங்கபுரம் தெருவில் 120 ரூபாய்க்கு ஒரு எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுத்தேன். மேஜைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளட்டும். சித்தியிடம் சொல்லவில்லை. மீதிப் பணம் டீ, சமோசா, பஸ்.

"விண்டோஸ் ஃப்ரீயா போட்டுத் தரேன் ப்ரோ" என்ற அன்பையும் மறுத்துவிட்டான். ஊரார் கல்யாண வீடியோ இருக்கப் போகிற பெட்டியில் திருட்டு சரக்கு வேண்டாமாம். லினக்ஸ் இலவசம். எடிட்டிங்குக்கு அதில் ஓடுகிற கேடென்லைவ், அதுவும் இலவசம். மெனுக்கள் பழக ஒரு வாரம் ஆகும் என்றான். ஆவணி பிறக்க ஏழு நாள் இருந்தது.

பெட்டியை அவனே வீட்டில் பூட்டினான். ஏ.எம்.4 பிராசஸரின் அடியில் 1,331 பின்கள். ஒன்று வளைந்தாலும் வம்பு. ஓரத்தில் இருக்கும் தங்க முக்கோணத்தைப் போர்டில் உள்ள முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால், அழுத்தாமலே தன் எடையில் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தித்தான் உட்காருகிறது என்றால் தப்பாக வைத்திருக்கிறீர்கள். சித்தி சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து நின்றாள். ஸ்விட்ச் போட்டான். படம் வந்தது. சித்தி மேஜைக்குப் பின்னால் எரிந்த லைட்டைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆவணியில் மூன்று கல்யாணமும் முடிந்து, மூன்று வீடியோவும் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது வீட்டில் மீதிப் பணத்தோடு வேட்டியும் வைத்துக் கொடுத்தார்கள். சீட்டுத் தவணைகள் பாதிக்கு மேல் அந்தப் பெட்டியே சம்பாதித்துக் கட்டியது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். முதல் வருஷ முடிவில் புத்தகத்தில் அதன் மதிப்பு 23,850. புத்தகம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், தம்பி தினமும் அதற்குத் துணி போட்டு மூடுகிறான்.

மேலே சொன்ன விலைகளை வெட்டி பர்ஸில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள். அவை 2024 ஆகஸ்ட் விலைகள். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்குச் சரக்கு அனுப்புவதில் சிப் கம்பெனிகளுக்கு லாபம் அதிகம். மைக்ரான் கம்பெனி நம்மைப் போன்ற சில்லறை ஆசாமிகளுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மூடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே கடைக்குப் போனதும் முதலில் ரேம் விலையைக் கேளுங்கள். அதை வைத்து மற்றதை முடிவு செய்யுங்கள். புதிய ஏ.எம்.5 சாக்கெட் போர்டில் டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே போடலாம். ஏ.எம்.4-ல் டி.டி.ஆர்.4. இரண்டுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். மாற்றிச் செருக முடியாது. பழைய மெஷினில் நல்ல டி.டி.ஆர்.4 குச்சிகள் இருந்தால், பரணில் போடாதீர்கள். பாட்டி நகை மாதிரி பத்திரப்படுத்துங்கள்.

விலை மாறும், வரிசை மாறாது. முதலில் வேலை, அதற்கேற்ற பிராசஸர், அது உட்காரும் போர்டு, இரட்டைக் குச்சி ரேம், எஸ்.எஸ்.டி., ஏமாற்றாத எஸ்.எம்.பி.எஸ். லைட்டுக்குக் கடைசியில் காசு மிஞ்சினால் சந்தோஷம்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பெரும்பாலான கடைகள் இருக்காது. ஆனால், அட, இந்தத் தெரு இவ்வளவு அகலமா என்று அன்றைக்குத்தான் தெரியும்.